மருந்து கேட்ட சேர்ந்திசை

சேர்ந்திசைக் குழுக்கள் எய்ட்ஸைப் பற்றிய அறியாமையைப் போக்கின, அறியாமை அகலவே வியாதியும் தணிந்தது என்றொரு சித்தாந்தம் ஸங்கீத ஆராய்ச்சியாளரிடத்தும் சுகாதார அதிகாரிகளிடத்தும் வெகு செல்வாக்கோடு உலாவி வருகிறது. அதற்கு எப்போதும் அழைக்கப்படும் சாட்சி உகாண்டா. 1990-களின் தொடக்கத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு 15 பேர் அளவில் நின்ற தொற்று அடுத்த பத்தாண்டுக்குள் 6-க்கு அருகே இறங்கியது உண்மை. அதே ஆண்டுகளில் கிராமத்துப் பெண்களும் தேவாலயக் குழுவினரும் ஊர் ஊராகச் சென்று பாடியதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளையும் காரணமும் காரியமுமாகப் பிணைப்பதற்குத்தான் அசாத்தியத் துணிவு வேண்டும். விகிதம் இறங்கியதில், நோயுற்றவர்கள் மாண்டு கணக்கிலிருந்தே மறைந்து போனதற்கும் பங்குண்டு என்பதை அத்துணிவு படைத்தவர்கள் சௌகரியமாக மறந்து விடுகிறார்கள். 2006-இல் வெளிவந்த ‘சிங்கிங் ஃபார் லைஃப்’ என்னும் நூலில் கிரெகரி பார்ஸ், வைத்தியத் திட்டங்களோடு பாட்டும் கூத்தும் இணைந்தது அவ்வீழ்ச்சிக்கு ஓரளவு காரணம் என்று நிதானமாகவே எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் ‘ஓரளவு’ என்பதை அவருக்கே விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எய்ட்ஸ் பற்றிய சேர்ந்திசையின் அமெரிக்கக் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் மேயர் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1978 நவம்பர் 27-ஆம் நாளின் இரவில், நகரசபை மாளிகைப் படிகளில் மெண்டல்ஸோனைப் பாடி முதன்முதலாக ஜனங்கள் முன் நின்ற ஸான் பிரான்ஸிஸ்கோ ஓரினக் காதலர் ஆண்கள் குழு, பின்னர் தன் பாடகர்களை நூற்றுக்கணக்கில் இந்நோய்க்குப் பறிகொடுத்தது. டல்லஸ் நகரத்து டர்ட்டில் க்ரீக் குழு தன் துயரத்துக்கென ஓர் இரங்கற்பாவை எழுதுவித்துக் கொண்டது. இசையமைப்பாளர் ஜான் கொரிக்லியானோ, இந்நோயில் மாண்டோர் நினைவாக எழுதி 1990-இல் சிகாகோவில் அரங்கேறிய தமது முதல் ஸிம்ஃபனியின் ஒரு பகுதியைச் சேர்ந்திசையாக மாற்றி அமைத்தார். இப்படைப்புகள் சில இடங்களில் உன்னதமானவை, சில இடங்களில் கண்ணீரை அளவுக்கு மிஞ்சிப் பெருக்கியவை. ஆனால் இவற்றில் எதுவும் யாருக்கும் எதையும் போதிக்கவில்லை. நம் இலக்கணிகள் இவற்றைத் தயங்காமல், இறந்தாரை எண்ணி இரங்கும் கையறுநிலையில் அடக்கியிருப்பார்கள். 1989-இல் தம் நோயைப் பகிரங்கமாகச் சொல்லி அவ்வாண்டு டிசம்பரிலேயே மறைந்த உகாண்டாவின் பாடகர் ஃபில்லி லுட்டாயாவோ தனிக்குரல். அவருடைய வீரத்தைச் சேர்ந்திசையின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

உண்மையான சரித்திரம் தென்னாப்பிரிக்காவில் தொடங்குகிறது. மிஷனரிகள் கொண்டுவந்த ‘டோனிக் ஸோல்ஃபா’ எழுத்துமுறையைக் கற்று நான்கு குரல்களில் பாடப் பழகிய பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும், இனாக் ஸோன்டொங்கா 1897-இல் இயற்றிப் பின்னர் தேசிய கீதத்தில் இடம்பெற்ற பிரார்த்தனைப் பாட்டும், சுரங்கங்களையும் ஆலைகளையும் நாடிப் போன ஜூலு ஆண்கள் தங்கள் விடுதிகளில் வளர்த்த இஸிகதமியா என்னும் சேர்ந்திசையும், நிறவெறிக்கெதிரே வீதியில் எழுந்த போராட்டப் பாட்டுகளும் சேர்ந்து, ஒருவன் எடுத்துக் கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடுவதை அத்தேசத்து ஜனங்களின் இயல்பான பேச்சாகவே ஆக்கி வைத்திருந்தன.

இத்தகைய தேசத்தில் சர்க்கார் செய்த முதல் பெரிய முயற்சி 1996-இல் வந்த ‘ஸராஃபினா 2’. ஐரோப்பிய யூனியன் வழங்கிய பணத்திலிருந்து 14 மில்லியன் ராண்டுக்கு மேல் ஒதுக்கி, புகழ்பெற்ற நாடகாசிரியர் எம்பொங்கெனி ங்கேமாவைக் கொண்டு தயாரித்த அந்த ஸங்கீத நாடகம், நோயைப் பற்றிச் சொன்னதும் தெளிவில்லை என்று எய்ட்ஸ் இயக்கங்களே கண்டிக்க, பாராளுமன்றத்தில் பெரும் அவமானமாகி முடிந்தது. ஆடம்பரமும் உபதேசமும் கைகோத்தால் கலை எப்படி வெளிறிப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் நான் கண்டதில்லை.

இரண்டாண்டு கழித்து, 1998 டிசம்பரில், டர்பனுக்கு அருகே க்வாமாஷுவில், தமக்கு எச்.ஐ.வி. உண்டென்று வெளிப்படையாகச் சொன்ன குகு த்லாமினி என்ற பெண்மணியை அக்கம்பக்கத்தாரே அடித்துக் கொன்றார்கள். ஸாக்கி அக்மத் முதலியோர் ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் காம்பெயின்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியதும் அதே மாதந்தான். ‘எச்.ஐ.வி. பாஸிட்டிவ்’ என்று நெஞ்சில் பெரிதாய் அச்சடித்த சட்டை அக்கொலைக்குப் பதிலாகப் பிறந்தது. நோய் உள்ளவர், இல்லாதவர் இருதிறத்தாரும் அதை அணிந்தமையால் யார் எவர் என்று பிறர் பிரித்தறிய இயலாமற் போயிற்று. சேர்ந்திசை செய்வதும் இதுவேயன்றோ? தனியே சொன்னவள் கொல்லப்பட்ட ஊரில், நான்கு குரல்களாய்ப் பின்னிச் சொன்னால் அச்சொல்லுக்கு ஒரு காவல் கிடைக்கிறது. அதே டர்பனில் மக்கார்ட் ஆஸ்பத்திரியின் நோயாளிகள் கூடிய ஸினிகிதெம்பா குழு, ஜூலு மொழியில் கீர்த்தனங்களைப் பாடிக்கொண்டே கடல் கடந்தும் சென்று வந்ததன் ரகசியம் இங்கே இருக்கிறது. ஆஸ்டின் ஒகிக்போ 2016-இல் எழுதிய நூல் இத்தகைய குழு ஒன்றை அதற்குரிய மரியாதையோடு அணுகுகிறது.

ஸாக்கி அக்மத் முதலியோர் தொடங்கிய அந்த இயக்கத்தின் பாடகர்கள் ‘ஜெனரிக்ஸ்’ என்று, காப்புரிமையில்லாத மலிவு மருந்துகளின் பெயரையே தங்கள் குழுவுக்குச் சூட்டிக்கொண்டு, 2001-இல் ‘ஜிகெலெலே’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். காலத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்குக் குறையாமல் விலை சொல்லப்பட்ட மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தருவதாகப் பம்பாய்ச் சிப்லா கம்பெனி அறிவித்தது அவ்வாண்டு பிப்ரவரியில். தென்னாப்பிரிக்கச் சர்க்காரின் மருந்துச் சட்டத்தை எதிர்த்து வழக்காடிய 39 மருந்துக் கம்பெனிகள் வழக்கை வாபஸ் பெற்றது ஏப்ரலில். பின்னர் அந்தச் சர்க்காரே, வைரஸால்தான் இந்நோய் வருகிறதா என்று ஜனாதிபதி ஐயுற, மருந்து தர மறுத்து நின்றபோது, பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றாமல் காக்கும் நெவிரபீனை வழங்குமாறு அரசியல் சாசன நீதிமன்றம் 2002 ஜூலையில் உத்தரவிட வேண்டியிருந்தது. பழைய விடுதலைப் பாட்டுகளின் மெட்டுகளில் புதிய சொற்களை ஏற்றி அவ்வியக்கத்தார் வீதிகளில் பாடியது நோய் எப்படித் தொற்றும் என்ற பாடத்தையன்று. அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் கேட்டது மருந்து.

போதனைக் கட்சியார் பதில் சொல்ல வேண்டிய நூல் ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் வெண்டா பகுதியில் வெகுகாலம் தங்கிய மானிடவியலாளர் ஃப்ரேஸர் மக்நீல் 2011-இல் எழுதிய நூல், ஆணுறையையும் எச்சரிக்கையையும் பாடிப் பரப்பிய பெண் பிரசாரகர்களின் மேலேயே ஊரார் சந்தேகம் படிந்ததைக் காட்டுகிறது. சாவின் காரணத்தை வெளிப்படையாகப் பேசுகிறவருக்கு அச்சாவில் ஏதோ சம்பந்தமுண்டு என்று கருதும் சமூகத்தில், பாட்டு எவ்வளவு தெளிவாக விளக்கியதோ அவ்வளவுக்குப் பாடியவர்கள் கறைப்பட்டார்கள். மெட்டுகள் இங்கும் ஆலயத்திலிருந்தும் போராட்டத்திலிருந்தும் வந்தவையே. வேற்றுமை, எதிரே நிற்பவரை ‘நீங்கள்’ என்று விளித்து அறிவுறுத்துவதற்கும், ‘நாங்கள்’ என்று தொடங்கித் தமக்குரியதைக் கேட்பதற்கும் உள்ளது.

ஆகவே தொற்று விகிதத்தின் வளைகோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இக்குழுக்களுக்கு மதிப்பெண் இடுவதை ஆராய்ச்சியாளர் கைவிட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். கொரிக்லியானோவின் ஸ்வரப் பிரதியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்கும் விமரிசகர், ஜெனரிக்ஸின் பாட்டு என்றதும் பாட்டை விட்டுவிட்டு மானியத்தையும் கேட்டோர் தொகையையும் விசாரிக்கப் புகுவது, ஏழை நோயாளியின் ஸங்கீதம் ஸங்கீதமாகாது என்று நாகரிகமாகச் சொல்வதேயாகும். எடுத்துக் கொடுக்கும் குரல் எங்கே நிற்கிறது, கீழ்க்குரல்கள் எவ்விடத்தில் முந்திக்கொண்டு புகுகின்றன, விடுதலை மெட்டு எந்த அடியில் பழைய சொல்லை உதறிவிட்டு மருந்தின் பெயரைத் தாங்குகிறது என்று கேட்டு எழுதக்கூடியவர்கள் டர்பனிலும் கேப் டவுனிலும் இருக்கிறார்கள். ஸோல்ஃபா எழுத்து அறிந்த அந்தப் பாடகர்களையே முதலில் எழுதச் சொல்லலாம்.