பதினேழாம் எண்ணுக்கு ஓர் இடம்

ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஃபேஸ்ஆஃப் நடக்கும். தளத்தில் வரைந்திருக்கும் புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு அணியின் சென்டர்களும் முட்டி மடக்கிக் குனிந்து நிற்பார்கள். லைன்ஸ்மன் நடுவே பக்கைப் போடுவார். ஓர் அங்குலத் தடிமனும் மூன்று அங்குல விட்டமும் உள்ள ரப்பர் வட்டு அது. கீழே விழுந்த கணத்தில் இரண்டு மட்டைகள் மோதும், யாரோ ஒருவருக்குப் பின்னால் பக் போய்ச் சேரும், ஆட்டம் ஓடத் தொடங்கிவிடும். பார்ப்பவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். கரோலைனா அணியின் கேப்டனாக இருந்த சென்டர் ராட் பிரிண்டமோர் ஆடியபோது நான் விடாமல் பார்த்தது அந்த ஒரு கணத்தைத்தான்.

அவர் குனியும் விதமே தனி. கால்களை நன்றாக அகட்டி, தோளைத் தாழ்த்தி, எதிராளியின் இடத்தையும் கொஞ்சம் தனதாக்கிக்கொண்டு நிற்பார். தேர்ந்த சென்டரின் கண் பக்கில் இருக்காது, லைன்ஸ்மனின் கையில் இருக்கும். விரல் தளர்வதற்கு முன் மட்டை அசைந்தால் வட்டத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். தளர்ந்தபின் அசைந்தால் நேரம் கடந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில்தான் வித்தை. பிரிண்டமோருக்கு அதில் மூன்று நான்கு வழி இருந்தது. நேராக இழுத்துப் பின்னால் தள்ளுவது ஒன்று. முதலில் எதிராளியின் மட்டையைத் தன் மட்டையால் பூட்டிவிட்டு, கிடக்கும் பக்கைக் காலால் பின்னுக்குத் தட்டுவது இன்னொன்று. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் உடம்பை நுழைத்து, இருவருக்கும் இல்லாமல் பக்கைக் காலடியில் கிடத்தி, தன் அணிக்காரர் வந்து எடுக்க நேரம் வாங்கிக் கொடுப்பார். 2005-06 பருவத்தில் அவர் நூற்றுக்கு ஏறக்குறைய 59 ஃபேஸ்ஆஃப்களை வென்றார். ஐம்பது என்றால் சமம், ஐம்பத்தைந்து தொட்டாலே நல்ல சென்டர் என்பார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். தன் அணியில் ஒருவர் பெனால்டி வாங்கி இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேர். ஃபேஸ்ஆஃப் நடப்பதோ தன் கோலுக்குப் பக்கத்தில். அதை வென்று பக்கை மறுகோடிக்கு அடித்துவிட்டால், எதிரணி அதை எடுத்து வந்து மறுபடி அணிவகுக்க இருபது நொடி போய்விடும். இருபது நொடி என்பது அந்தத் தண்டனையில் ஆறில் ஒரு பங்கு. இதற்கு ஸ்கோர்போர்டில் ஒரு புள்ளியும் ஏறாது. கபடியில் பாடிப்போய்த் தொட்டு வருகிறவனுக்குத்தான் ஊர் கைதட்டும்; மூலையில் காத்திருந்து கணுக்காலைப் பிடிக்கிறவனின் பெயர் அடுத்த தெருவுக்குக்கூடத் தெரியாது.

டொரோன்டோவில் யங் தெருவும் ஃப்ரண்ட் தெருவும் சந்திக்கும் மூலையில், பழைய பேங்க் ஆஃப் மான்ட்ரியல் கட்டடத்தில், சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்து கௌரவிக்கும் மண்டபமான ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. பிரிண்டமோர் 2010இல் ஓய்வு பெற்றார். மூன்று ஆண்டு கழிந்தபின் தகுதி பெறலாம் என்பது விதி. 2013 முதல் 2025 வரை வந்த எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வரவில்லை. தேர்வுக்குழுவில் பதினெட்டுப் பேர். பதினான்கு வாக்கு வேண்டும். வாக்கு ரகசியம், காரணம் சொல்வதில்லை.

அவர்கள் தயங்குவது எதனால் என்று ஊகிப்பது கடினமல்ல. பிரிண்டமோர் ஒரு பருவத்திலும் லீகின் முதல் கோலடிப்பாளராக இருந்ததில்லை. அவருடைய மிகச் சிறந்த கணக்கு, முன்பு பிலடெல்பியா அணியில் ஆடியபோது 1993-94இல் கோலும் அசிஸ்டும் சேர்த்து எடுத்த 97 புள்ளிகள். நூறைத் தொடவில்லை. ஆண்டின் ஆல்ஸ்டார் அணியிலும் இடம் பெறவில்லை. இவை சின்னக் குறைகள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தலைமுறையின் முதல் ஐந்து பேரில் இல்லாதவரை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது.

ஆனால் அந்த மண்டபமே முன்பு வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. தற்காப்பில் சிறந்த முன்கள ஆட்டக்காரருக்கு செல்கி விருது கொடுக்கத் தொடங்கியது 1978இல். முதல் நான்கு ஆண்டும் அதை வாங்கிய பாப் கெய்னி 501 புள்ளிகள் எடுத்தவர். 1992இல் உள்ளே போனார். அதை மூன்று முறை வாங்கிய கை கார்பனோ 663 புள்ளிகளோடு 2019இல் போனார். இருவருமே போகவேண்டியவர்கள்தான். பிரிண்டமோர் 2006, 2007 இரண்டு ஆண்டும் அந்த விருதை வாங்கினார், அதுவும் முப்பத்தைந்து வயதுக்கு மேல். கூடவே 1,484 ஆட்டங்களில் 452 கோல், 732 அசிஸ்ட், மொத்தம் 1,184 புள்ளிகள். கெய்னியின் கணக்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கோல் தடுப்பவர் என்ற கணக்கில் போதாது, கோல் அடிப்பவர் என்ற கணக்கிலும் போதாது என்று இரண்டு தராசிலும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆள், ஒரே இரவில், ஒரே மூச்சில் செய்தார் என்பதுதான் அவருடைய ஆட்டம்.

யேரே லெஹ்டினனும் மூன்று செல்கி வாங்கியவர், அவரும் வெளியில்தானே இருக்கிறார் என்பார்கள். உண்மை. ஆனால் லெஹ்டினன் ஓரத்தில் ஆடிய விங்கர், 514 புள்ளிகள். சென்டரின் பாரம் வேறு.

2006 ஜூன் 5ஆம் தேதி ராலேயில் நடந்த ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தைப் பாருங்கள். எட்மன்டன் 3-0 என்று முன்னால் போய்விட்டது. இரண்டாம் பகுதி முடியும் தறுவாயில் கரோலைனாவின் முதல் கோலை அடித்தவர் பிரிண்டமோர். கடைசிப் பகுதியில் 4-4. எட்மன்டனின் கோல்கீப்பர் ரோலசன் காயத்தோடு போக, டை காங்க்லின் வந்திருந்தார். அரை நிமிடம்தான் பாக்கி. கோலுக்குப் பின்னால் காங்க்லின் தன் அணிக்காரருக்குத் தள்ளிய பக் கை நழுவித் திரிந்தது. அங்கே பிரிண்டமோர் இருந்தார். ஆளில்லாத கோலில் அதைப் போட்டார், 5-4. அதிர்ஷ்டம் என்று எழுதினால் பாதிதான் சரி. அத்தனை நேரம் ஆடி ஓய்ந்த கால்களோடு, பக் கைக்கு வராத ஓட்டத்தையும் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்த இடத்தில் அவர் நின்றார். பிலடெல்பியாவுக்காக ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 484 ஆட்டங்கள் ஆடிய உடம்பு அது. ஆட்டம் முடிந்தபின்னும் ஜிம்மில் நேரம் கழிப்பவர் என்று சக ஆட்டக்காரர்கள் வியந்து பேசிய உழைப்பு.

இரண்டு வாரம் கழித்து, ஏழாவது ஆட்டத்தை 3-1 என்று வென்று கரோலைனா முதன்முறையாக ஸ்டான்லி கோப்பையை எடுத்தது. கேப்டன் கோப்பையை வாங்கும்போது லீகின் தலைவரோடு நின்று படத்துக்குப் புன்னகைப்பது வழக்கம். பிரிண்டமோர் அதற்கெல்லாம் நிற்கவில்லை. தலைவர் பெட்மன் கையிலிருந்து பறிக்காத குறையாகக் கோப்பையைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தார். முகம் முழுக்க அழுகையும் சிரிப்பும். எனக்குத் தெரிந்து அந்தக் கோப்பை அதைவிட நேர்மையான கைக்குப் போனதில்லை. அவருடைய 17ஆம் எண்ணைக் கரோலைனா 2011இல் வேறு யாருக்கும் இல்லை என்று நிறுத்திவைத்தது.

இப்போது எனக்கு வேறொரு கவலை. 2018இலிருந்து அதே அணிக்கு அவர் தலைமைப் பயிற்சியாளர். 2021இல் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் பெற்றார். இன்னும் சில ஆண்டு போனால், விளையாட்டை வளர்த்தவர்கள் என்ற வரிசையில் அவரைச் சேர்த்து, கணக்கை நேர் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அந்த மரியாதையும் அவருக்கு உரியதே, வரட்டும். ஆனால் அது இதற்கு ஈடாகாது. அவர் போகவேண்டியது ஆட்டக்காரர்களின் வரிசையில், கெய்னியும் கார்பனோவும் இருக்கும் வரிசையில். அந்தப் பதினெட்டுப் பேரும் வாக்குச்சீட்டை எடுப்பதற்கு முன், கோலடிக்கும் காட்சிகளின் தொகுப்பை ஒதுக்கிவிட்டு, 2006இன் ஏதாவது ஒரு ஆட்டத்தை முழுதாகப் போட்டு, ஃபேஸ்ஆஃப் வரும்போதெல்லாம் 17ஆம் எண்ணை மட்டும் பார்க்கட்டும்.