துராம் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்

லிலியான் துராம் என்றதும் கால்பந்து ரசிகர்கள் சொல்வது இரண்டு கோல்களைத்தான். 1998 ஜூலை 8, ஸ்டாட் த பிரான்ஸ் மைதானம், உலகக் கோப்பை அரையிறுதி. குரோவேஷியாவை பிரான்ஸ் 2-1 என்று வென்றது. இரண்டையும் அடித்தவர் வலதுபுறத் தடுப்பாட்டக்காரரான துராம். நாட்டுக்காக 142 ஆட்டங்கள் ஆடியவருக்கு மொத்தக் கணக்கும் அந்த இரண்டு கோல்கள்தான். (2022இல் கத்தாரில் ஹியூகோ யோரிஸ் முந்தும்வரை அந்த 142 பிரான்ஸின் ஆண்கள் அணியில் சாதனை.) கேட்கச் சுவையான கதை. ஆனால் துராமை ரசிக்கப் பழக நினைப்பவர் அங்கிருந்து தொடங்கினால் வழி தப்பிவிடும். தடுப்பாட்டக்காரரை அவர் அடித்த கோலை வைத்து அளப்பது, முன்கள வீரரின் அளவுகோலை அவர் கையில் திணிப்பதுதான். அதே ஆட்டத்தில் அவரால் விழுந்த கோலிலிருந்து தொடங்குவோம்.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியதுமே, நடுக்களத்திலிருந்து அசனோவிச் பந்தை பிரான்ஸின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார். டாவோர் ஷூக்கர் பாய்ந்து எடுத்து, கோல்கீப்பர் பார்த்தேஸைத் தாண்டி அடிக்கிறார். காட்சியை அங்கேயே நிறுத்தி, பந்தை மறந்துவிட்டு பிரான்ஸின் வலது ஓரத்தைப் பாருங்கள். துராம் சக தடுப்பாளர்களைவிடப் பின்தங்கி நிற்கிறார். அந்தச் சில அடிகளால்தான் ஷூக்கர் ஆஃப்சைடிலிருந்து தப்புகிறார். யாரும் துராமை ஏமாற்றிக் கடந்து போகவில்லை. பந்து அவர் பக்கமே வரவில்லை. நின்ற இடம் தவறு, அவ்வளவுதான். அந்த உலகக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிரான ஆட்டத்தில் மட்டும் அவருக்கு ஓய்வு. அவர் ஆடிய மற்ற ஆறு ஆட்டங்களிலும் பிரான்ஸ் வாங்கிய ஒரே கோல் இதுதான். அப்படியானால் மிச்ச நேரமெல்லாம் அவர் எங்கே நின்றார் என்பதுதானே நாம் கேட்க வேண்டிய கேள்வி? ஆனால் சரியான இடத்தில் நின்றதை யாரும் ரீப்ளே போட்டுக் காட்டுவதில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு கோல்களுக்கு வாருங்கள், அவையும் வேறாகத் தெரியும். அடுத்த நிமிடமே வந்த முதல் கோல், குரோவேஷியாவின் பெனால்டி பகுதிக்கு அருகே போபனின் காலிலிருந்து துராம் பந்தைப் பறித்ததில் தொடங்குகிறது. ஜோர்கேஃபுக்குத் தட்டி, திரும்ப வாங்கி, வலக்காலால் முடிக்கிறார். போபன் தயங்குவார் என்று ஒரு நொடி முன்பே படித்தவரின் கோல் அது. அதில் முக்கால்வாசி தடுப்பாட்டம்தான். 70ஆவது நிமிடத்தில் இடக்காலால் வளைத்து அடித்த இரண்டாவது கோல் மட்டும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், கொஞ்சம் அதிர்ஷ்டக் கணக்கில் சேரும். மண்டியிட்டு, உதட்டில் விரலை வைத்து யோசிப்பவர்போல அவர் இருந்த படத்தைப் பார்த்தால், அவருக்கே நம்பிக்கை வரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னால் ஓடுவது, அதனால் தடுப்பாட்டக்காரரை ரசிக்க விரும்புபவர் கேமராவோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. சிறந்த காட்சிகளின் தொகுப்பு உதவாது. முழு ஆட்டம் வேண்டும். பந்து எதிர் ஓரத்தில் இருக்கும்போது துராம் திரையில் வந்தால் அவர் தோள்களைக் கவனியுங்கள். பந்தையும் தன் ஆளையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ள உடம்பைப் பாதி திருப்பி நிற்பார். பந்து கைமாறும் முன்பே இரண்டு எட்டு வைத்திருப்பார். இந்தப் பழக்கம் வந்த இடம் இத்தாலி. மொனாக்கோவிலிருந்து 1996இல் பார்மாவுக்குப் போனவர், அங்கே புஃபோனுக்கு முன்னால் கன்னவாரோவோடு நின்று, 1999இல் யூஃபா கோப்பை வென்றார், 2001இல் யுவென்டஸுக்கு மாறினார். கிளப்பில் பெரும்பாலும் நடுத்தடுப்பு, நாட்டு அணியில் வலது ஓரம் என்று இரட்டை வேலை. 1998இல் ஓரத்தில் அவர் நிற்பதைப் பார்த்தால், உள்ளே நகர்ந்து மூன்றாவது நடுத்தடுப்பாளராகவே பல நேரம் யோசிக்கிறார் என்பது புரியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: பக்கத்தில் பிளாங்க், தெசாயி, லிசராசு, இந்தத் துணைக்கு யார் நின்றாலும் கோல் விழாதே, அணியின் பெருமையை ஒருவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. 2004 யூரோவுக்குப் பின் நாட்டு அணியிலிருந்து விலகிய துராம் 2005இல் ஜிடான், மக்கெலேலேயோடு திரும்பி வந்தார். 2006 உலகக் கோப்பையில் பிளாங்க், தெசாயி, லிசராசு மூவரில் ஒருவரும் இல்லை. 34 வயதில் நடுத்தடுப்பில், அருகே வில்லியம் கல்லாஸ். இறுதிவரை ஏழு ஆட்டங்களில் பிரான்ஸ் வாங்கியது மூன்று கோல்கள். ஒன்று ஸ்பெயினின் பெனால்டி (அதை விட்டுக்கொடுத்ததும் துராம்தான்), ஒன்று இறுதியாட்டத்தில் கார்னரிலிருந்து மட்டராட்ஸி தலையால் முட்டியது. ஓடும் ஆட்டத்தில் விழுந்தது தென்கொரியாவின் ஒன்றே. முன்னால் மக்கெலேலேயும் வியேராவும் காவல் இருந்தார்கள், உண்மை. ஆனாலும் மியூனிக்கில் போர்ச்சுகலுக்கு எதிரான அரையிறுதியில், பந்து பெட்டிக்குள் வந்த ஒவ்வொரு முறையும் அதன் வழியில் யார் நின்றார் என்று எண்ணிப் பாருங்கள். அன்றைய ஆட்டநாயகன் விருதும் அவருக்கே போனது.

இன்னொரு மறுப்பு எதிர்ப்புறத்திலிருந்து வரும். துராம் ஒன்றும் ஓசையில்லாத கணக்கர் இல்லை. கட்டுமஸ்தான உடல், வேகம், சறுக்கிப் பறிக்கும் கால், அதை ரசித்தால் போதாதா? ரசிக்கலாம். ஆனால் அந்த உடல்பலம் மட்டுமே போதாமல் போன ஓர் ஆட்டம் இருக்கிறது. 2000 யூரோ காலிறுதியில் ஸ்பெயினின் குட்டையான முனிட்டிஸ் ஓரத்தில் திரும்பித் திரும்பி ஓடி அவரைத் திணறடித்தார். துராம் அவரை வீழ்த்தியதால் கிடைத்த பெனால்டியை மெண்டியெட்டா கோலாக்கினார். பிரான்ஸ் 2-1 என்று தப்பித்தது, பிறகு கோப்பையையும் வென்றது. நேருக்கு நேர் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், முன்கூட்டிப் படிக்க அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. அவரது பலம் எங்கிருந்தது என்பதை இந்தத் தோல்வி வெற்றியைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

எனவே பார்க்கும் வரிசை இது: முதலில் 1998 அரையிறுதி, அடுத்து முனிட்டிஸ், பிறகு 2006 மியூனிக். கடைசியாக, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, 2008 யூரோவில் பெர்னில் நெதர்லாந்து 4-1 என்று பிரான்ஸை உருக்குலைத்த ஆட்டம். அபாயம் எந்தப் பக்கம் வருகிறது என்று துராம் அப்போதும் சரியாகவே திரும்புகிறார்; கால்கள் போய்ச்சேர ஒரு நொடி தாமதமாகிறது, ராபனும் வான் பெர்சியும் அந்த நொடிக்குள் கடந்துவிடுகிறார்கள். அதுவே நாட்டுக்காக அவர் ஆடிய 142ஆவது ஆட்டம். இத்தாலிக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் அவரை இறக்கவில்லை. பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் சான் ஜெர்மானுக்கு மாறவிருந்த நேரத்தில் மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு தெரியவர, அந்த ஆண்டே விளையாட்டிலிருந்து விலகிக்கொண்டார்.