கஞ்சமலை மண்ணும் பழைய மெட்டல் டிடெக்டரும்

பழைய மெட்டல் டிடெக்டரின் உயிர் அதன் அடிவளையத்தில் இருக்கிறது. நீண்ட கோலின் நுனியில் தட்டுப் போலத் தொங்கும் அந்த வட்டத்துக்குள் எனாமல் பூசிய செம்புக் கம்பி சுற்றுச் சுற்றாக ஓடுகிறது. கம்பியில் மின்னோட்டம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாற, வளையத்தைச் சுற்றி ஒரு காந்தப்புலம் எழுந்து அடங்கிக்கொண்டே இருக்கும். ஓர் உலோகத் துண்டு அந்தப் புலத்துக்குள் வந்தால் அதனுள்ளே சுழல் மின்னோட்டம் பிறந்து, வளையத்தின் மின்தூண்டலைச் சற்றே மாற்றிவிடும். அந்தச் சிறு மாற்றத்தைக் காதுக்கு எட்டும் ஓசையாக்குவதே மற்றப் பாகங்களின் வேலை. இன்றைய கருவிகள் திரையில் எண் காட்டி, கிடைத்தது இன்னதென்று சொல்லிவிடுகின்றன. 1950களிலிருந்து 1980கள் வரை வந்தவற்றில் பெரும்பாலானவை ஓசையை மட்டும் தந்துவிட்டு முடிவைக் கேட்பவரிடமே விட்டன. அவற்றின் அழகு அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கருவியின் வரலாறு ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் இரண்டு கம்பிச் சுருள்களும் ஒரு தொலைபேசிக் காதுக்குழலும் கொண்ட ஒரு கருவியோடு வந்தார். குண்டு அகப்படவில்லை. மருத்துவர் காட்டிய பக்கத்தில் மட்டும் தேட நேர்ந்தது ஒரு காரணம். மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியது இன்னொன்று. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். 1930களில் கெர்ஹார்டு ஃபிஷர் கலிஃபோர்னியாவில் ‘மெட்டலோஸ்கோப்’ என்ற இரட்டைப் பெட்டிக் கருவியைச் செய்து 1937இல் காப்புரிமை பெற்றார். போலந்து ராணுவ அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி 1941இல் வடிவமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி மறு ஆண்டே எல் அலமேன் போர்க்களத்தில் நடந்தது. டிரான்சிஸ்டர் வந்து எடை குறைந்த பிறகு, அமெரிக்காவின் ஒயிட்ஸ், காரெட், இங்கிலாந்தின் சி-ஸ்கோப் போன்ற கம்பெனிகள் அதைப் பொழுதுபோக்குக்காரர் கையில் கொடுத்தன.

பெல்லுக்கு வாய்த்த எஃகு மெத்தை சேலத்துக் காடுகளில் தேடுகிறவருக்கும் வாய்த்திருக்கிறது. சேலத்துக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலையில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது படுகை படுகையாக மலையைச் சுற்றி வருகிறது. கொல்லிமலைப் பக்கமும் இத்தகைய படுகைகள் உண்டு. மழை பெய்து வடிந்தபின் அடிவாரத்து ஓடைகளில் கறுப்பு மணல் கோடு கோடாகத் தங்கும்; அதில் ஒரு காந்தத்தை இழுத்தால் தாடி போல அப்பிக்கொள்ளும். மண் உலை வைத்து இரும்பு உருக்கிய பழைய காலத்தவருக்கு அந்த மணலும் தாதுதான். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்கும் தாது சேலத்திலிருந்தே போயிற்று. உலைகள் அணைந்து தலைமுறைகள் ஆகியும் அவை கக்கிய இரும்புச் சிட்டம் உழவில் புரண்டு மேலே வந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில் மண்ணே கருவியோடு பேசுகிறது. பேச்சுக்கு நடுவே பொருளின் குரலைப் பிரித்துக் கேட்பதுதான் இங்கே இந்தக் கலையின் சாரம்.

பழைய கருவிகளில் ரசிக்கத்தக்கது பி.எஃப்.ஓ. எனப்படும் முதல் டிரான்சிஸ்டர் வகை. அதில் இரண்டு அலையாக்கிகள் உண்டு. ஒன்று தரையைப் பார்க்கும் வளையத்தோடு சேர்ந்தது. மற்றது பெட்டிக்குள் அசையாமல் இருப்பது. இரண்டின் அதிர்வெண்ணுக்கும் உள்ள வித்தியாசமே காதில் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரமாக விழும். தேடும் அலையை மற்றதைவிடச் சற்று மேலே நிறுத்திக்கொண்டால் ஒரு நேர்த்தியான விளைவு கிடைக்கிறது: கறுப்பு மணல் வளையத்தின் மின்தூண்டலைக் கூட்டுவதால் சுருதி இறங்கும், செம்பும் வெள்ளியும் அதைக் குறைப்பதால் சுருதி ஏறும். மண் கீழே இழுக்க, பொருள் மேலே தூக்குகிறது. தம்பூராவில் சுருதி பழகிய காதுக்கு இந்த ஏற்றமும் இறக்கமும் ஓரிரு நாளில் பிடிபட்டுவிடும். சிறு ஆணி பெரும்பாலும் இறக்கும். தட்டையான தகர மூடியோ இரும்பாக இருந்தும் சுழல் மின்னோட்டத்தின் வலுவால் சுருதியை ஏற்றி ஏமாற்றும். ஒரு நாணயம் நான்கைந்து அங்குலத்துக்குக் கீழே போய்விட்டால் இந்த வகைக்கு அது எட்டாது. ஆழத்தை அளவுகோலாக வைத்து இதை ஒதுக்குகிறவர்கள் ஓசையை இன்னும் கேட்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தவை அனுப்பும் சுருள் ஒன்று, வாங்கும் சுருள் ஒன்று என்று இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏற்றி, ஒன்றையொன்று அறியாதபடி சமன் செய்த கருவிகள். 1970களில் அதிர்வெண் குறைந்து, மண்ணின் குரலைத் திருகு ஒன்றால் அடக்கும் வசதி வந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் உண்மையாகவே உழைக்கக் கூடிய பழைய கருவி என்றால் கையால் திருகி மண்ணைச் சமன் செய்யும் இந்தத் தலைமுறைதான். வளையத்தைத் தரையிலிருந்து தூக்கி இறக்கித் தூக்கி இறக்கி, ஓசை மாறாத புள்ளியைத் திருகால் பிடிக்க வேண்டும். கஞ்சமலை ஓரத்தில் பத்தடி நடந்தால் அந்தப் புள்ளி நகர்ந்துவிடும். மறுபடி பிடிக்க வேண்டும். இதே போன்ற இரும்பு மண் ஆஸ்திரேலியத் தங்க வயல்களிலும் தொல்லை தந்ததால்தான் 1985இல் தொடங்கிய மைன்லேப் கம்பெனி முழு மூச்சாக அதன்மேல் பாடுபட்டது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. சேலம் கடைவீதியில் கேட்டதும் கிடைக்கும் சரக்கல்ல இது, கைமாறித்தான் வரும். முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பார்ப்பது நலம். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கசிவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று போர்டு வரை தொடர வேண்டும். வளையத்தில் விரிசல் இருந்தால் ஈரப் புல் பட்டதும் கத்தும். ஓடாத, ஆனால் யாரும் கை வைக்காத கருவி, ஓடுகிற, பலர் கை வைத்த கருவியைவிட மேலானது. ஹீத்கிட் போல வாங்கியவரே கோத்துக்கொள்ளும்படி வந்தவற்றுக்கு மதிப்பு அதிகம். படிப்படியான கையேடும் சர்க்யூட் படமும் கூடவே வந்திருக்கும்.

சீர்செய்வது அவசரப்படுகிறவருக்கு ஆகாத வேலை. காய்ந்துபோன எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை மாற்றலாம். கரகரக்கும் வால்யூம் கன்ட்ரோலைக் கழுவலாம். பேட்டரிக் கசிவை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்தலாம். அலையாக்கியோடு சேர்ந்த மைக்கா, பாலிஸ்டைரீன் கெபாசிட்டர்களைக் காரணமில்லாமல் தொடக் கூடாது. சூட்டிலும் மதிப்பு மாறாதவையாகப் பார்த்து வைக்கப்பட்டவை அவை. கைக்குக் கிடைத்ததை அங்கே வைத்தால் சுருதி நிலையாக நிற்காது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட கருவியைச் சேலத்துச் சித்திரை வெயிலில் எடுத்துப் போனால் எப்படியும் சுருதி நழுவும். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வதே அதற்குச் செய்யும் மரியாதை.

அடிவளையம் அறுந்திருந்தால் இந்த வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. கிணற்று மோட்டாருக்கும் போர் மோட்டாருக்கும் காயில் கட்டுகிற கடைகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. பழைய சுற்றை எண்ணிப் பிரித்து, அதே கேஜ் எனாமல் வயரைக் கை தளராமல் சுற்றி, வார்னிஷ் ஊற்றி உலர்த்துவது அவர்களுக்குத் தினசரிப் பழக்கம். அவர்களிடம் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லிவிட வேண்டும். சுருளைச் சுற்றி ஒட்டும் அலுமினியத் தாள், கை பட்டும் புல் பட்டும் ஓசை மாறாமல் காக்கும் கவசம். அதன் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் விரற்கடை இடைவெளி இருந்தே ஆக வேண்டும். முழு வட்டமாக மூடிவிட்டால் அந்தத் தாளே ஓர் உலோக வளையமாகி, கருவி தன்னையே கண்டு கத்திக்கொண்டிருக்கும்.

காதைப் பழக்க, வீட்டுத் தோட்டத்தில் தெரிந்த பொருள்களைத் தெரிந்த ஆழத்தில் புதைத்து வைப்பது நல்ல முறை. இந்திய நாணயங்களே போதுமான பாடப்புத்தகம். பழைய அலுமினியப் பத்துப் பைசா எடையில் ஒன்றுமில்லாவிட்டாலும் சுருதியைத் தெளிவாக ஏற்றும். 1968 முதல் சில ஆண்டுகள் வந்த தாமரை போட்ட இருபது பைசாவும் அப்படியே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாயோ காந்தத்தில் ஒட்டுவது. இரும்பை ஒதுக்கும் கருவிகள் அதையும் சேர்த்து ஒதுக்கப் பார்க்கும். நாணயமாக அச்சிடுவதற்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வட்டங்களை வெட்டும் பிரிவு கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலையில்தான் 1993இல் தொடங்கியது.

தேடும் இடத்தில் சட்டத்துக்கு முதலிடம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நாமக்கல் கோட்டையும் சங்ககிரிக் கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. சிட்ட மேடுகளையும் முதுமக்கள் தாழி தென்படும் காடுகளையும் தோண்டுவது ஊரின் நினைவை அழிப்பதாகும். மண்ணடுக்கு ஒருமுறை கலைந்துவிட்டால் எந்த ஆய்வாளராலும் அதைத் திரும்ப வாசிக்க முடியாது.

ஆனால் நியாயமான தேடல்கள் நிறைய உண்டு. உழவில் கழன்ற கலப்பைக் கொழு, மண் மூடிப்போன போரின் கேசிங் பைப்பு, வேலிக்கடியில் போன இரும்புக் குழாய் இவையெல்லாம் பழைய கருவிக்கும் எளிதில் அகப்படும். கம்பியையோ ஆணியையோ விழுங்கிய மாட்டைச் சோதிக்கவும் கால்நடை மருத்துவர்கள் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவதுண்டு. உள்ளே உலோகம் இருக்கிறது என்று மட்டும் கருவி சொல்லும்; அது குத்தியிருக்கிறதா என்பதை மருத்துவரின் கைதான் அறிய வேண்டும்.

கடினமான சோதனை, கடலைக்காட்டில் தவறிய தோடும் கொலுசும். சிறு தங்கத் தோடு மிட்டாய்த் தாள் போல மெலிதாகவே ஒலிக்கும். குப்பையை ஒதுக்கும் திருகைக் கொஞ்சம் கூட்டினாலும் தோடு போய்விடும். வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது. ஆனாலும் சேலத்துக் கொலுசு எடைக்குத் தக்கபடி ஒலிப்பதில்லை. சுழல் மின்னோட்டம் ஒவ்வொரு சிறு கண்ணிக்குள்ளும் தனித்தனியே முடங்கிவிடுவதுதான் காரணம். பத்து கிராம் வெள்ளிக் காசு உரக்கச் சொல்லும் இடத்தில் ஐம்பது கிராம் கொலுசு முணுமுணுக்கும். எனவே ஒதுக்கும் திருகை முழுதும் தணித்து, சிறு வளையம் மாட்டி, செடி பிடுங்கிய சாலோடு சாலாக, தரையிலிருந்து ஒரே உயரத்தில், முந்தின வீச்சின் பாதியை அடுத்த வீச்சு தொடும்படி மெதுவாக நடக்க வேண்டும். மண்ணின் ரீங்காரம் ஏறாமல் இறங்காமல் ஓடிக்கொண்டிருக்கையில் ஓரிடத்தில் மட்டும் மூச்சு வாங்கினாற்போல ஒரு சின்ன ஏற்றம் கேட்கும். அங்கே நின்று குறுக்கே ஒருமுறை வீசிப் பார்த்து, இரண்டு திசையிலும் அதே ஏற்றம் வந்தால் கையால் மண்ணை விலக்கலாம்.