நாய் வார்

பெங்களூரின் அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பள்ளிக்கூட வண்டி வரும் வேளையின் அமளியை அறிந்தவர்களுக்கு, வாசற்கதவின் பின்னே ஆணியில் தொங்கும் நாய்வாரின் மகிமையை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. காலுறையின் ஜோடியைக் காணோம், கணக்கு நோட்டைக் காணோம் என்று தாயும் பிள்ளைகளும் பரபரக்கையில், அந்த வாரின் கொக்கி மெல்லக் கிணுங்கிய மாத்திரத்தில், கட்டிலடியில் உறங்கிய ஜீவன் பாய்ந்து வந்து எல்லோருக்கும் முன்னே வாசலில் நிற்கும்.

நல்ல வார் சாமானிய வஸ்து அல்ல. புதிதில் விறைத்திருக்கும் தோல், எண்ணெய் பூசப்பூச, பிள்ளையின் உள்ளங்கை வியர்வையும் பட்டு, நாளடைவில் இணங்கிவரும். சூட்சுமமெல்லாம் கொக்கியில்தான்: நாய் எத்தனை பிரதக்ஷிணம் வந்தாலும் வார் முறுக்கிக்கொள்ளாதபடி அதன் அடிப்பாகம் தனியே சுழலும். நைலான் நாடா மலிவு, துவைக்கவும் சுலபம். ஆயினும் வெடுக்கென்று இழுபட்டால் குழந்தையின் கையைச் சிராய்த்துவிடுமாதலால் எனக்கு அதில் பிரீதி இல்லை.

நம் ராஜபாளையத்தோடு 2005-இல் இந்தியத் தபால்தலையில் இடம்பெற்ற, கர்நாடகத்து முதோள் வேட்டைநாய்க்கோ தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். சாதாரணக் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் சற்றே இறுகும் அகலப் பட்டைதான் அதற்கு உசிதம். 1870-இல் உருவான கப்பன் பூங்காவின் மூங்கிற் புதர்களருகே சிறுமி ஒருத்தி அத்தகைய நாயை நடத்திச் செல்ல, "மணிக்கட்டில் சுற்றாதேம்மா, கையில் பிடி" என்று தகப்பனார் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவார், அவள் கேட்பதாயில்லை.