மாங்கனியும் பதிகமும்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வரும் வேளையில் மாடிகளிலிருந்து பக்தர்கள் இறைக்கும் பழங்களை ஏந்திப் பிடிக்கக் கூடும் ஜனத்திரளைக் கண்டவர்கள், ஒரு கவியை இவ்வளவு பிரேமையோடு கொண்டாடும் ஊர் தமிழ் நிலத்தில் வேறு உண்டோ என்று வியப்பது இயல்பே. ஆயினும், காரைக்காலம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களையும், திருவிரட்டை மணிமாலையின் 20 பாடல்களையும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டையும் முற்றும் படித்துப் பார்ப்பவருக்கு அவற்றில் அந்த மாங்கனி அகப்படாது. கணவன் பரமதத்தனும் அகப்படமாட்டான். அவையெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து, 12-ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் விரித்துரைத்த சரித்திரத்தைச் சேர்ந்தவை. அம்மையாரோ தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டு, சுடுகாட்டையும் அங்கே ஆடும் ஈசனையும் பாடுவதோடு அமைகிறார். சேக்கிழாரின் காவியத்தை இது குறைத்துவிடவில்லை; ஒரு கவியின் குரலையும் அக்குரலின்மேல் பிற்காலம் போர்த்திய அன்பையும் வேறுபிரித்து உணரும் சக்தி படிப்பவருக்கே கிட்டுகிறது என்பதுதான் என் வாதம். செய்யுள் பயில்வதன் பிரயோஜனம் எதுவெனக் கேட்டால் முதலில் இதையே சொல்வேன்.

இக்கேள்வி காரைக்கால் வீடுகளில் வேறொரு தொனியில் எழுகிறது. துறைமுகமும், நிரவியில் எண்ணெய் எரிவாயுக் கழகத்தின் அலுவலகமும், 2010-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகமும் கண்முன்னே இருக்க, தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது என்று கவலைப்படும் பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். வறுமையை அறிந்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. குறை, விடை சொல்லும் நம்மிடமே உள்ளது. ஆசிரியர் உத்தியோகம் கிடைக்கும், ஆட்சிப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்று நாம் விரையும்போதே, செய்யுளைச் சம்பளத்தால் அளக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அந்த உத்தியோகம் கிட்டாதபோது பாட்டும் பொய்யாகிவிடுகிறது.

பக்கத்து மாயூரத்தில் 1871-இல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று எண்ணற்ற பிரபந்தங்களைக் கற்றவர். 1880-இல் கும்பகோணத்தில் அவர் அவற்றை அடுக்கிச் சொல்ல, சேலம் இராமசுவாமி முதலியார், அவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார், ஐயர் படித்திருக்கவில்லை. பழைய பாடமுறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சம்பவத்தில் சேர்ந்தே தெரிகின்றன. குரு கற்பித்த வட்டத்துக்கு வெளியே எத்தகைய நூல்கள் கிடக்கின்றன என்ற வினாவை அம்முறை எழுப்பவில்லை. ஆனால் அந்தாதிகளிலும் கலம்பகங்களிலும் பழகிய செவியல்லவா, சிதைந்த ஏடுகளில் சீர் குறைந்த இடத்தையும் சொல் பிறழ்ந்த இடத்தையும் கண்டு, 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கத் துணைசெய்தது? பயனில்லை என்று தள்ளப்பட்ட பயிற்சி, யாரும் எதிர்பாராத வேலைக்கு வந்து நின்றது.

இன்றைய பள்ளி முறை அந்தச் செவியை வளர்க்கவில்லை. வினா எழுப்பும் பழக்கத்தையும் அது ஈடாகத் தரவில்லை. மனப்பாடப் பகுதி என்று சில அடிகள். பிறகு அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, நெடுவினா. மாணவர் கற்பது பெரும்பாலும் உரையை. மனப்பாடத்தைப் பழிப்போரோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஒரு பாட்டின் ஈறு அடுத்ததன் முதலாகும் அந்தாதி யாப்பே ஞாபகத்தை நாடிச் செய்யப்பட்டது. நெஞ்சில் கிடக்கும் பாட்டு, வயது ஏற ஏறப் புதுப்பொருள் தரும். குற்றம், பாட்டு முழுதாய்க் காதில் விழுமுன்னே அதன் கருத்து இன்னதென்று தீர்மானித்துக் கொடுத்துவிடும் அவசரத்தில் இருக்கிறது. மூத்த திருப்பதிகத்தின் முதற்பதிகம் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணும் கொண்ட பெண்பேயை நம்முன் நிறுத்துகிறது. அழகென்று உலகம் எதிர்பார்த்ததையெல்லாம் உதறிய ஒரு பெண், அந்தக் கோர உருவத்தைத் தன் இனமாக ஏற்றுக்கொண்டு பாடுகிறாள். பக்திச்சுவை என்ற ஒரு சொல்லால் இதை மூடிவிட்டால், அம்மையாரின் தைரியம் மாணவருக்குத் தெரியாமலே போய்விடும்.

செய்யுள் மனிதரை நல்லவராக்கும் என்று நான் வாக்களிக்கவில்லை. பெரும் புலவர்களிடையே பொறாமை இருந்ததை இலக்கியச் சரித்திரம் மறைக்கவில்லை. ஜீவனத்துக்கும் அது வழியாகாமற் போகலாம், ஆகவே தமிழ் படிக்கும் பெண் கையில் வேறொரு தொழிலும் இருப்பது விவேகம். நான் கேட்பது சிறிய ஏற்பாடு. காரைக்கால் கல்லூரிகளில், பொறியியலோ வணிகவியலோ பயில்பவரும் அமர, நட்டபாடையிலும் இந்தளத்திலும் அமைந்த அவ்விரு பதிகங்களையும் ஓதுவார் ஒருவர் முழுமையாகப் பாட வேண்டும். மாணவர் தமக்குத் தோன்றியதைச் சொன்ன பிறகே உரையைத் திறக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் எதுவும் கூடாது.