யாத்திராகமமும் சப்ரகமுவத் தோட்ட மக்களும்: ஒரு மறுநோக்கு

விவிலியத்தின் இரண்டாம் நூலாகிய யாத்திராகமம், உலகில் அடிமைப்பட்ட மக்கள் பலர் தம் சொந்தக் கதையாக ஏற்றுக்கொண்ட நூலாகும். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரை அவர்களுடைய தேவன் மோசேயைக் கொண்டு மீட்டு, கடலைக் கடக்கச் செய்து, முன்னோர்க்கு வாக்களித்த நாட்டை நோக்கி நடத்திச் சென்ற வரலாற்றை அது கூறும். தேவன் வாக்குப் பிறழாதவர் என்பதே அந்நூலின் உயிர்நாடியாகும். இலங்கையின் தோட்டப்புறத் தேவாலயங்களில் இக்கதை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அது சொல்லப்படும் முறை கேட்போரின் வாழ்க்கையோடு பொருந்துகின்றதா என்பது எழுப்பப்பட வேண்டிய வினா. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவத் தோட்ட மக்களின் வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாத்திராகம நிகழ்ச்சிகள் நூலிற் கூறப்பட்டவாறே நடந்தனவா என்பது வரலாற்றறிஞரிடையே சர்ச்சைக்குரியது. அச்சர்ச்சை இங்கு எமக்கு வேண்டியதன்று. ஒரு மக்கட்கூட்டம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்ட கதை என்ற அளவிலேயே அந்நூலை நாம் அணுகுவோம்.

முதலில் நூலின் பெயரை நோக்குதல் தகும். தமிழில் அதற்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. சீர்திருத்தத் திருச்சபையார் பயிலும் மொழிபெயர்ப்பு அதனை ‘யாத்திராகமம்’ என்கின்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘விடுதலைப் பயணம்’ என்கின்றது. முன்னையது நடையை மட்டுமே குறிப்பது. பின்னையது அந்நடைக்கு ஒரு பொருளையும் கற்பிப்பது. இரண்டும் கிரேக்க மரபில் வந்த ‘வெளியேற்றம்’ என்ற கருத்தையே அடியொற்றியவை. எபிரேயர் வழங்கும் பெயரோ வேறு. ‘ஷெமோத்’, அதாவது ‘பெயர்கள்’ என்பதே அவர்கள் அந்நூலுக்கு இட்ட பெயர். யாக்கோபுடன் எகிப்துக்கு வந்தவர்களின் பெயர்களோடு நூல் தொடங்குவதே இதற்குக் காரணம். வெளியேற்றத்தின் நூல் என்று ஒரு மரபும் பெயர்களின் நூல் என்று மற்றொரு மரபும் கொண்டமை தற்செயலாயிருக்கலாம். ஆயினும் இவ்விரண்டில் எதனைத் திறவுகோலாகக் கொள்கின்றோம் என்பதைப் பொறுத்து நூலின் பொருளே மாறுபடும் என்பது எமது கருத்து.

இக்கதை தோட்டங்களை வந்தடைந்த வழியும் நோக்கற்பாலது. தோட்டத் தொழிலாளரிடையே கிறித்துவத்தைப் பரப்புதற்கென ‘தமிழ்க் கூலி மிசன்’ 1854இல் தொடங்கப்பட்டது. ஆங்கிலேயத் துரைமார் பலர் அதற்கு நன்கொடை வழங்கினர். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து பணியாற்றினர். மேலைத்தீவுகளின் அடிமைகளுக்கென 1807இல் இலண்டனில் அச்சிடப்பட்ட விவிலியச் சுருக்கத்தில், எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுபட்ட பகுதி நீக்கப்பட்டிருந்தது. அடிமைகளின் கையில் அக்கதை ஆபத்தானது என்பதை எசமானர் அறிந்திருந்தனர். இலங்கையில் அத்தகைய நீக்கம் நிகழவில்லை. முழு விவிலியமும் தமிழிற் கிடைத்தது. எனினும், துரைமாரின் ஆதரவில் எழுந்த ஆலயத்தில் பார்வோனைத் துரையோடு ஒப்பிட்டுப் பேசுதல் எளிதன்று. எகிப்து பாவத்தின் குறியீடாகவும், கானான் மறுமையின் குறியீடாகவும் விளக்கப்படுமிடத்து, ஏட்டிலிருந்து நீக்கப்படாத கதை வாழ்க்கையிலிருந்து நீக்கப்படுகின்றது.

உண்மையில் ஒப்புமைகள் வலிந்து தேட வேண்டியவையல்ல. யாக்கோபின் மக்கள் எகிப்துக்குச் சென்றது பஞ்சத்தினாலாகும். தமிழகத்திலிருந்து பல்லாயிரவர் கடல் கடந்தமைக்கும் பஞ்சமும் கடனுமே பெருங்காரணங்கள். 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தை மக்கள் நினைவு இன்றும் மறக்கவில்லை. கங்காணி முறையைச் சட்டம் அடிமைத்தனம் என்று கூறவில்லை. ஆனால் தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ 1921இல் ஒழிக்கப்படும்வரை அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குக் கைமாற்றும் கருவியாயிருந்தது. யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வைக்கோல் கொடாமலே செங்கற்களின் எண்ணிக்கை குறையாதிருக்கவேண்டும் எனப் பார்வோன் கட்டளையிடுகின்றான். எண்ணிக்கை குறைந்தபோது அடிபடுபவர்கள் இஸ்ரவேலர் மீது நியமிக்கப்பட்ட இஸ்ரவேலரேயாவர். தன் இனத்தாரிடம் வேலை வாங்கவும், மேலிடத்தில் அடிபடவும் நேர்ந்த அந்த இடைமனிதனைக் கங்காணி என்று தோட்டத்தவர் உடனே அடையாளங் காண்பர்.

இன்னுமோர் ஒப்புமை மொழியிலேயே உள்ளது. தோட்ட வழக்கில் ஒருநாட் கூலி ‘பேர்’ எனப்படும். குறித்த அளவு கொழுந்தோ இறப்பர்ப் பாலோ கொடாதவருக்கு ‘அரைப்பேர்’ போடுவர். மழை மிகுந்த களனிப் பள்ளத்தாக்கு இறப்பர்த் தோட்டங்களிற் பால்வெட்ட இயலாத நாட்கள் பல. மனிதனுடைய பெயரே அவன் கொடுக்கும் இறாத்தலுக்கும் கிலோவுக்கும் ஏற்பப் பாதியாகும் இவ்வழக்கு, அடிமைத்தனம் இன்னதென்பதற்குப் பெரிய நூல்கள் தரும் விளக்கத்தினும் கூரியதாகும்.

இத்துணை ஒப்புமையுள்ள கதை எங்கே பிசகுகின்றது? வெளியேற்றம் என்ற இடத்திலேதான் பிசகுகின்றது. குஸ்தாவோ குத்தியரஸ் 1971இல் வெளியிட்ட விடுதலை இறையியல் நூல் யாத்திராகமத்தை மீண்டும் ஏழைகளின் நூலாக்கியது. மீட்பு என்பது ஆன்மாவுக்கு மட்டுமன்று, அரசியல் வாழ்வுக்கும் உரியதென அது காட்டியது. அதன் பயன் பெரிது. ஆயினும், விடுதலை என்றால் புறப்பட்டுச் செல்லுதல் என்ற பழைய சமன்பாட்டை அப்படியே சப்ரகமுவத்திற்குப் பொருத்துவோமாயின் விபரீதமான முடிவையே அடைவோம். இம்மக்களைப் ‘புறப்படுக’ என்று சொன்னவர்கள் மோசேக்களல்லர்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கும், 300,000 பேர் இலங்கைக்கும் என ஒதுக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். முன்னோரின் நாட்டிற்குக் கடல் கடந்து செல்லுதல் என்ற புற அமைப்பில் இஃது யாத்திராகமமேயாகும். ஆனால் சென்றோர் கண்டது என்ன? கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு இறப்பர்த் தோட்டங்களும், கருநாடகத்தின் புத்தூர், சுள்ளியா இறப்பர்க் காடுகளும் தாயகம் திரும்பியோரிற் பலருக்கு வேலைத்தலமாயின. இறப்பரிலிருந்து புறப்பட்டவர் இறப்பரையே சென்றடைந்தனர். இங்கே ‘கள்ளத்தோணி’ என்று இகழப்பட்டவர், அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர்.

மற்றொரு வெளியேற்றம் தீயினால் நேர்ந்தது. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் வன்செயலுக்கு இலக்காயின. லயங்களை இழந்தோரிற் பலர் வவுனியாவுக்கும் வடக்கின் ஏனைய இடங்களுக்கும் சென்று குடியேறினர். புளிக்காத மாவைத் தோளிற் சுமந்து இரவோடிரவாகப் புறப்பட்டோரின் கதையை அவர்களும் வாழ்ந்தனர். ஆயின், இஸ்ரவேலர் பின்னால் விட்டது அடிமை வீடு. இவர்கள் பின்னால் விட்டது, எவ்வளவு இழிந்ததாயினும், பெற்றோரைப் புதைத்த மண். சென்ற இடத்தில் அவர்களை எதிர்கொண்டது 2009வரை நீண்ட யுத்தம். இவற்றையெல்லாம் வெளியேற்றம் எனலாம். மீட்பு எனல் இயலாது.

இவற்றுக்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்று கேகாலை மாவட்டத்தில் நடந்தது. தொழிலாளர் உருளவள்ளி என வழங்கிய நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசு சுவீகரித்து, தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் வெளியேற மறுத்தனர். அவர்களுக்கு ஆதரவாக 1946இல் பெரியதோர் வேலைநிறுத்தம் நடைபெற்றது. லயத்தை விட்டகலாத தொழிலாளர்மீது அத்துமீறிக் குடியிருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. நீதவான் நீதிமன்றிலும் மேன்முறையீட்டிலும் தோல்வியுற்ற வழக்கொன்று இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. 1950இல் அக்கழகம் தண்டனையை நீக்கியது. அதிகாரியைத் தொந்தரவு செய்தலன்று, தன் வீட்டில் தொடர்ந்து வாழ்தலே தொழிலாளியின் முதன்மை நோக்கம் என்பது தீர்ப்பின் சாரம். அத்தீர்ப்பு காணியுரிமை எதையும் வழங்கவில்லை. இருக்குமிடத்தில் இருத்தல் குற்றமன்று என்று மட்டுமே கூறியது.

சட்ட அறிக்கைகளில் அவ்வழக்கு ‘சின்னசாமி செல்வநாயகம் எதிர் மன்னர்’ என்று வழங்கும். இப்பெயரிலேயே எமது விவாதத்தின் சாரம் அடங்கியிருக்கின்றது. யாத்திராகமத்தில் எகிப்திய மன்னனுக்குப் பெயரில்லை. பார்வோன் என்ற பதவிப்பெயர் மட்டுமே உண்டு. ஆனால் ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு அவன் இட்ட கட்டளையை மீறிய மருத்துவிச்சியர் இருவரின் பெயர்களை, சிப்பிராள், பூவாள் என, நூல் பேணி வைத்துள்ளது. தோட்ட வரலாறோ இதன் தலைகீழ். தோட்டங்கள் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. கன்று நட்டவர் செக்றோலில் எண்களாயினர். உருளவள்ளி வழக்கில் மட்டும் தொழிலாளி தன் முழுப்பெயருடன் நிற்க, எதிரே மன்னர் பெயரின்றி நிற்கின்றார். தோட்டத்து வழக்கிற் சொன்னால், அங்கே அவர் பெற்றது அரைப்பேரன்று, முழுப்பேர்.

‘பெயர்களின் நூல்’ என்ற திறவுகோலைக் கொண்டு இனி மூலத்தை நோக்குவோம். இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில், அடிமைகளின் முறையீட்டுக்குத் தேவன் ஆற்றும் எதிர்வினை நான்கு வினைகளால் அமைகின்றது: கேட்டல், நினைவுகூர்தல், காணல், அறிதல். புறப்படச் செய்தல் இந்நான்கனுள் இல்லை. அது பின்னரே வருகின்றது. ஆகவே தேவனின் வாக்குப் பிறழாமை, முதலில் ஒரு மக்களைப் பெயர் சொல்லி நினைவிலிருத்துதலாகும். வெளியேற்றம் அந்நினைவு அவர்களுக்கு எடுத்த வடிவமாகும். வடிவம் இடத்துக்கேற்ப மாறலாம்; நினைவு மாறலாகாது. மேலும், சீனாய் மலையடியில் உடன்படிக்கை நிகழும்போது மக்கள் தாமே வாய்திறந்து சம்மதம் கூறுகின்றனர். 1964இன் ஆவணத்தையும் நாம் உடன்படிக்கை என்றே வழங்குகின்றோம். ஆனால் அதிற் பங்கிடப்பட்ட மக்கள் ஒரு தரப்பினராகக் கேட்கப்படவில்லை. ஒரே சொல்லின் இவ்விரு பயன்பாடுகளுக்கும் இடையிலுள்ள தூரமே விசுவாசத்திற்கும் பேரத்திற்கும் இடையிலுள்ள தூரமாகும்.

இங்கு ஒரு மறுப்பு எழுதல் கூடும். கானான் வெற்றிடமன்று, அங்கும் மக்கள் வாழ்ந்தனர். வட அமெரிக்கப் பழங்குடியினரான ரொபர்ட் அலன் வொரியர் 1989இல் எழுதிய கட்டுரையில், இக்கதையைக் கானானியரின் கண்கொண்டு பார்க்குமாறு கேட்டார். சப்ரகமுவத்தில் இக்கேள்வி தவிர்க்க இயலாதது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் முதலியவற்றால் சிங்களக் கிராமத்தவர் தம் காடுகளையும் சேனைகளையும் இழந்தனர். உருளவள்ளியைச் சுவீகரித்தபோது அரசு கூறிய காரணமும் காணியற்ற கிராமத்தவரின் தேவையே. அது பொய்யான தேவையன்று. ஒருவர் நிலத்தையும் மற்றவர் உழைப்பையும் பறிகொடுத்தது ஒரே ஆட்சியிடமே என்பதை மறந்தால், அயலானையே பார்வோனாகக் காணும் பிழை நேரும். எகிப்தை விட்டுப் புறப்பட்டோருடன் பல சாதி மக்களும் கலந்து சென்றனர் என்பதும், அந்நியனை ஒடுக்கலாகாது என்ற சட்டம் அதே நூலிலேயே உண்டு என்பதும் இங்கு மனங்கொளத்தக்கன.

கர்த்தரின் வேளை வரும், பொறுத்திரு என்ற உபதேசத்துக்கும் நூல் துணைபோவதில்லை. மோசேயின் நற்செய்தியைக் கொடிய வேலையின் மிகுதியால் மக்கள் செவிமடுக்கவில்லை என ஆறாம் அதிகாரம் கூறுகின்றது. அவர்களை அதற்காகத் தேவன் கைவிடவுமில்லை, பொறுமையைப் போதிக்கவுமில்லை. பார்வோனிடமே மீண்டும் ஆளனுப்புகின்றார். மாலையிற் பால்வாளியை இறக்கிவைத்து வந்து ஆலயத்தின் பின்வரிசையிற் கண்ணயரும் பெண்ணைக் கடிந்துகொள்வோர் இவ்வதிகாரத்தை வாசித்தல் நன்று.

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்ற நிலை பெரும்பாலும் முடிவுற்றது. காணியும் வீடும் இன்றும் முடிவுறாத வினாக்களே. மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவுற்ற 2023இல், தேசிய கிறித்துவ மன்றத்தின் முன்முயற்சியுடன், ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. நாட்டை விட்டு வெளியேறும் பயணமன்று அது. முன்னோர் மடிந்த பாதையில் நாட்டினுள்ளே நடந்து, இது எமதும் மண் என்று உரைத்த பயணம். யாத்திராகமம் மலையகத்திற் சரியாக வாசிக்கப்பட்ட நிகழ்ச்சியாக அதனைக் கொள்ளலாம்.

இக்கட்டுரையாளனும் கேகாலைப் பகுதியின் இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன். செங்கடல் பிளந்த கதையைச் சிறுவயதிற் கேட்டபோது, எமக்கும் ஒரு கடல் பிளக்கும் என்று காத்திருந்ததுண்டு. இன்று அந்நூலிடம் வேண்டுவது கடல் பிளத்தலையன்று. அதன் முதல் வரிகள் செய்யும் பணியை, வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் பணியை. காம்பராவின் கதவிலக்கமாக நின்ற மனிதன் காணியுறுதியில் தன் பெயரைக் காணும் நாளில், வாக்குப் பிறழாமை என்ற சொல்லுக்குச் சப்ரகமுவத்தில் பொருள் கிட்டும்.