புகலிடம் புகுந்த பின்: ஆன் புறொன்ரேயின் நாவல்

கணவனின் கொடுமைக்கு ஆற்றாது இல்லத்தை விட்டு வெளியேறும் பெண்ணைப் பற்றி எழுதுவோர், அவள் வாயிலைக் கடந்தவுடன் எழுதுகோலை வைத்துவிடுதல் பெருவழக்கு. இப்சன் 1879இல் இயற்றிய ‘பொம்மை வீடு’ நோறா கதவைச் சாத்திச் செல்லும் ஓசையுடன் முடிவெய்துகின்றது. அடுத்த திங்களில் அவள் எதனைக் கொண்டு உண்டாள், அயலார் அவளைக் குறித்து யாது பேசினர் என்பன அந்நாடகத்துக்குப் புறம்பானவை. அதற்கு முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்னர், 1848 ஜூனில், அக்ரன் பெல் என்னும் புனைபெயருடன் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘வைல்ட்பெல் மாளிகையிற் குடியிருந்தவள்’ என்னும் நாவலோ, அப்புறம்பான பகுதியிலேயே தொடங்குகின்றது. அதனை எழுதியவர் புறொன்ரே சகோதரியருள் இளையவராகிய ஆன்.

நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்த ஒரு பாழ்மாளிகையிற் சில அறைகள் மட்டும் செப்பனிடப்படுகின்றன. கைம்பெண் எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் ஹெலன் கிறகாம், ஐந்து வயதுச் சிறுவனோடும் றேச்சல் என்னும் பழைய பணிப்பெண்ணோடும் அங்கே வந்து குடியேறுகின்றாள். கிறகாம் என்பது அவளுடைய தாயின் கன்னிப்பருவக் குலப்பெயர். கணவனாகிய ஆதர் ஹன்ரிங்டன் உயிரோடிருக்கின்றான். அவன் மனைவியை அடித்து வதைப்பவன் அல்லன். அத்தகைய முரட்டுத்தனத்தை ஆசிரியர் அவனுடைய நண்பனாகிய ஹற்றேஸ்லியிடத்துக் காட்டுகின்றார். ஹன்ரிங்டனின் கொடுமை வேறுவகைத்து. குடி, பிறர்மனை நயத்தல், விருந்தினர் முன் இழிவுபடுத்தல் என்பவற்றோடு அமையாது, மழலை மாறாத மகனுக்கு மதுவருந்தவும் வசைமொழி பேசவும் பயிற்றுகின்றான். அவள் தப்பிச் செல்ல எண்ணியதை நாட்குறிப்பைப் பறித்துப் படித்து அறிந்தவுடன், பணத்தையும் நகைகளையும் கைப்பற்றி, அவளது ஓவியக் கருவிகளைத் தீயிலிடுகின்றான். கையோங்காமலே ஒருத்தியைச் சிறைப்படுத்தலாம் என்பதனை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நாவல் அந்நூற்றாண்டில் அரிது.

எரிக்கப்பட்டவை ஓவியக் கருவிகள் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. புகலிடத்தில் அவளுடைய சீவனோபாயம் ஓவியமே. படங்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு அங்கே விலைப்படுகின்றன. வைல்ட்பெல் மாளிகையை வரைந்த படத்தின் கீழ் வேறொரு கற்பனை ஊர்ப்பெயரைப் பொறிக்கின்றாள். கையொப்ப எழுத்துக்களும் பொய்யானவை. தான் உறையும் இடத்தைத் தன் கையாலேயே மறைத்து விற்றாலன்றி அவளுக்கு உணவில்லை. இலண்டன் சிசிக்கில் 1971இல் இத்தகைய மகளிர்க்கென இல்லமொன்று திறக்கப்பட்டது. அதன் பின் தோன்றிய இல்லங்கள் பலவும் தம் முகவரியைப் புறத்தார் அறியாது காத்து வந்தமையை அறிந்தோர்க்கு இந்தப் பொய்ப்பெயர் வியப்பளிக்காது.

கதை நிகழ்வது 1820களில். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் உழைப்பூதியம் கணவனுடையது. அதனை அவளுக்கே உரியதாக்கிய சட்டம் 1870இலேயே வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு தாய் நீதிமன்றத்தை வேண்ட இடமளித்த சட்டமும் 1839க்கு முன்னர் இல்லை. ஆகவே ஹெலன் உண்ணும் உணவும் அணைத்துத் துயிலும் மகனும் சட்டத்தின் கண்ணிற் களவுப்பொருள்களே. ஆசிரியர் இதனைச் சொற்பொழிவாக்கவில்லை. சிறுவன் சற்றே கண்ணுக்கு மறைந்தாலும் தாய் பதறுவதைக் காட்டி, அதனை ஊரார் நகைப்பதையும் காட்டி அமைகின்றார்.

ஊரார் சித்திரிப்பே நாவலின் சிகரம். முதலில் அவர்கள் நல்லவர்களாகவே வருகின்றனர். விருந்துக்கழைப்பர், பிள்ளை வளர்ப்பில் அறிவுரை கூறுவர். நாளடைவில், சிறுவனின் முகச்சாயல் அம்மாளிகைக்குரிய லோறன்சை ஒத்திருக்கின்றது என்ற பேச்சுப் பரவுகின்றது. ஒத்திராமல் எங்ஙனம்? லோறன்ஸ் அவளுடைய உடன்பிறந்தான். அதனை வெளியிட்டால் பழி நீங்கும், புகலிடமும் நீங்கும். அவள் பழியையே தாங்குகின்றாள். அவளைக் காதலிக்கும் கில்பேட் மார்க்கமும் அப்பேச்சுக்கு இரையாகி, லோறன்சை வழியிற் கண்டு சவுக்கின் பிடியால் அடித்து வீழ்த்துகின்றான். கில்பேட்டின் வாயிலாகவே கதை கேட்கும் வாசகரும், உண்மை தெரியும்வரை, ஐயுற்றவர்களுள் ஒருவராகவே நிற்க நேர்கின்றது.

உண்மை வெளிப்படும் முறையைப் பற்றி ஒரு வழக்குண்டு. ஹெலன் தன் வரலாற்றைக் கில்பேட்டுக்கு நேரிற் கூறாது நாட்குறிப்பைக் கொடுத்தமை கதையை நடுவில் முறித்துவிட்டது என்றார் ஜோர்ஜ் மூர். நாட்குறிப்பு நீண்டது என்பதில் ஐயமில்லை. சில விருந்துக் காட்சிகளைக் குறைத்திருக்கலாம். ஆயினும் மூரின் தீர்ப்பு பொருந்தாது. வாய்திறவாமையே காவலாக வாழ்ந்த ஒருத்தி ஓரிரவில் உரையாடலாக அனைத்தையும் சொல்லிவிடுவாள் என்பது இயல்பன்று. கொடுக்கும்போதும் இறுதி ஏடுகள் சிலவற்றைக் கிழித்துக்கொண்டே கொடுக்கின்றாள். அப்பொழுதும் தனக்கென ஒன்றை மறைத்துக்கொள்ளும் அச்செயல், மூர் வேண்டிய நேர்முக உரையாடலில் எங்ஙனம் இடம்பெறும்?

நோயுற்ற கணவனிடம் அவள் மீண்டு செல்வதைத் தோல்வியெனக் கொள்வாரும் உளர். அவள் வெறுங்கையோடு செல்லவில்லை. மகனைத் தானே வளர்க்கும் உரிமையை ஏட்டில் எழுதி, பணிப்பெண் சாட்சியாகக் கணவன் கையொப்பமிட்ட பின்னரே அவன் மகனைக் காண இசைகின்றாள். சட்டம் கொடாததை நோய்ப்படுக்கையிற் பெறுகின்றாள். உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. முழுக்கதையும் கில்பேட் தன் தமக்கை தங்கையருள் ஒருத்தியை மணந்த நண்பனுக்கு எழுதும் கடிதமாக அமைந்துள்ளது. உயிரினும் மேலாக அவள் மறைத்த ஏடுகளை அவன் நண்பனின் பொழுதுபோக்குக்காகப் பெயர்த்தெழுதுகின்றான். ஆசிரியர் இதனை உணர்ந்தே அமைத்தாரா என்பதற்கு நூலில் விடை இல்லை.

ஆன் 1849 மே மாதத்தில் இருபத்தொன்பதாம் வயதில் மறைந்தார். இப்பொருளைத் தெரிந்தெடுத்தமையே பிழை என அடுத்த ஆண்டு சாளற் எழுதினார்; மறுபதிப்பையும் விரும்பவில்லை. தமக்கையின் அன்பு ஐயத்துக்குரியதன்று, தீர்ப்பே ஐயத்துக்குரியது. பின்னர் 1854இல் வந்த மலிவுப் பதிப்பு முகப்புக் கடிதத்தையும் வேறு சில பகுதிகளையும் நீக்கிவிட்டது. அச்சிதைந்த பாடத்தையே பிற்காலப் பதிப்புகள் பலவும் பின்பற்றின. ஆதலின் நூலகத்திற் பிரதியெடுக்கும் மாணவர், 1827ஆம் ஆண்டு இலையுதிர்காலம் பற்றிய பேச்சுக்கு முன்னர் ஹல்போட் என்னும் நண்பனை விளிக்கும் கடிதம் உளதா என்று முதற்பக்கத்தைப் பார்த்து எடுத்தல் நன்று.